நிழலண்ணன் நட்ட மரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓட்டுநர்களைப் பயணிகளாக ஏற்றக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் தேவலை. வண்டி ஓட்டுகிறவருக்கும் நிம்மதி, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நிம்மதி. ஒவ்வொரு வளைவிலும் நிழலண்ணனின் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பழக்கம், கால் அதுபாட்டுக்குப் போகிறது.

“சும்மா இருங்க. அந்தத் தம்பி ஓட்டட்டும்” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. அவளுக்குக் கண் தெரியாது. ஆனால் அவர் கால் என்ன செய்கிறது என்பது தெரிந்திருந்தது.

நிழலண்ணன் என்பது டிப்போவில் வைத்த பெயர். சுற்றுலா பஸ்ஸை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் நிழல் பார்த்து நிறுத்துவார், நிறுத்திய கையோடு சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். அதனால் வந்த பெயர். மனைவி ஒருநாள் காரணம் கேட்டபோது, “கூட வேலை செய்யறவங்களுக்கெல்லாம் நான் நிழல் மாதிரி இருக்கேனாம்” என்று கூசாமல் சொல்லிவைத்தார். அவளும் நம்பினாள். அவர் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். இவ்வளவு தொல்லையும் அதில் ஆரம்பித்ததுதான்.

மடியில் வைத்திருந்த பையை அவள் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பை.

“ரொட்டிதானே?” என்று கேட்டார் அவர்.

“ரொட்டிதான். மேடுகளுக்குப் போற அன்னிக்கு வேற என்ன குடுத்திருக்கேன்?”

வாஸ்தவம். வேலை பார்த்த காலம் முழுக்க மற்ற நாட்களில் அடுக்குப் பாத்திரத்தில் சுடச்சுடச் சோறு வரும், தொட்டுக்கொள்ள நாலு வகை வரும், தனியாக ஒரு குவளையில் சூப்பு கூட வரும். மேடுகளுக்கு வண்டி எடுக்கிற நாளில் மட்டும் சுருட்டிய வறட்டு ரொட்டி, ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி. அந்தத் துணி வேறு ஒரு இம்சை. சீட்டில் உட்கார்ந்து மடியில் விரித்தால் மூலைக்கு மூலை உள்ளே ஏதோ கெட்டியாக இருந்து தொடையில் குத்தும், ஸ்டியரிங்கில் டொக்கென்று இடிக்கும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரித் தையல் அறையில் மிஞ்சிய துணியைக் கொண்டுவந்து கட்டிவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தொண்டை அடைக்க அடைக்க ரொட்டியைத் தின்று தண்ணீரைக் குடிப்பார். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர்கள் போய்க்கொண்டிருந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அந்தப் புல்வெளி முழுக்க மேடுகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், வட்டமாக, கவிழ்த்துவைத்த கிண்ணம் போல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரே இடைவெளி. யாரும் குவித்ததாகத் தெரியவில்லை. தோண்டிப் பார்த்தவர்களுக்கு எலும்பும் கிடைக்கவில்லை, புதையலும் கிடைக்கவில்லை, கருப்பு மண்ணும் கூழாங்கல்லும்தான் கிடைத்தன. அரசாங்கம் சுற்றிலும் வேலி போட்டுக் காப்பகம் ஆக்கிவிட்டது. ஊர் ஊராக ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போட்டபடி பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

நிழலண்ணனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பஸ்ஸில் ஏறிய ஜனங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு நடை அந்த இடத்துக்கு வண்டி கொண்டுபோனவர். வாசலைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

முதல் நடை முடிந்து வீட்டுக்குப் போன அன்றைக்கு மனைவி மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் படுக்கை விரிப்புக்கு ஓரம் அடித்துவிட்டு வீட்டிலும் அதே வேலைதான். “அந்த மேடெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். தூங்கிட்டேன் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் நூலைப் பல்லில் கடித்தபடி தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க வெள்ளைத் துணியைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண். அதைப் பார்த்துத் தூங்கிட்டேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “மேல ஏறிப் பாத்தேன்” என்றார். பின்சீட்டு ஆட்கள் பேசியதற்கெல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார்.

ஒருநாளோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாமல்போய், ஒரு மரத்தை நட்டார். “ஒரு மேட்டு உச்சியில ஒத்தை மரம் நிக்குது. அடியில பலகை மாதிரி ஒரு கல்லு. அங்க உக்காந்துதான் சாப்பிட்டேன். காத்து இருக்கே, ஆளையே தூக்கிட்டுப் போயிடும்.”

அவள் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. அதற்கப்புறம் வாராவாரம் அந்த மரத்தைப் பற்றித்தான் விசாரிப்பு. பூத்ததா, இலை கொட்டியதா, குருவி கட்டிய கூடு அப்படியே இருக்கிறதா. உறவுக்காரர் வீட்டுக் குழந்தையை விசாரிப்பது போல விசாரிப்பாள். அவரும் பூக்கவைத்தார், உதிரவைத்தார், கூட்டில் குஞ்சு பொரிக்கவும் வைத்தார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே கொஞ்ச நாளில் விட்டுப்போயிற்று.

வினை வேறு பக்கமாக வந்தது. “என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க” என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். பஸ் கம்பெனியில் குடும்பத்துக்குச் சலுகை உண்டு, முன்சீட்டே கிடைக்கும். ஆனால் கூட்டிக்கொண்டு போனால் மரம் எங்கே என்று கேட்பாளே? இந்த வாரம் கூட்டம் என்றார். அடுத்த வாரம் வெயில் என்றார். மழை விடட்டும் என்றார். மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார், மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். சாக்குக்கா பஞ்சம்?

பிறகு ஒருநாள் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. “கண்ணாடியை மாத்து” என்றார் அவர். கண்ணாடியை மாற்றியும் விரிப்பின் ஓரம் கோணலாகப் போயிற்று. கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் கொஞ்சநாள் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவள் அழவில்லை. “முழுசா போறதுக்குள்ள உங்க மரத்தை ஒரு தடவை பாத்துடணும்” என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மரம் இல்லாவிட்டால் என்ன, மேடுகள் இருந்தனவே. சொல்லவில்லை. குளிர் போகட்டும் என்றார் அந்த மனுஷன். குளிர் போயிற்று. பார்வையும் போயிற்று. இப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது வெளிச்சம் எது, இருட்டு எது என்கிற அளவுக்குத்தான். இந்தப் பயணம்கூட அவராகக் கிளப்பியதில்லை. அம்மாவின் ஆசை தெரிந்து மகள் டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். மறுக்க ஒரு சாக்கும் மிச்சமில்லை.

பஸ் நின்றது. புது டிரைவர் ஓடிவந்து அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டான்.

“அண்ணே, நீங்களும் உள்ள போறீங்களா? வண்டியில இருங்களேன், ஏசி போட்டு விடறேன்.”

அவள் சிரித்தாள். “அவரை வண்டியில இருக்கச் சொல்றியே தம்பி. அவருக்கு எல்லாமே உள்ளதான் இருக்கு.”

தம்பி விழித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நிழலண்ணன் மனைவியின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டார். 

வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. “என்ன எழுதியிருக்கு, படிங்க” என்றாள். அவரும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் படிக்கிறார். எலிகள் வளை பறித்துத் தள்ளிய மண் என்று சிலர் கருதுகிறார்கள். பழங்காலத்துப் பனி உருகி ஓடியபோது நின்றுபோன மண் என்று சிலர். நிலம் குலுங்கியதில் திரண்டது என்று சிலர். காரணம் இன்றுவரை தெரியவில்லை. அதுவரை உரக்கப் படித்தார். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. இங்குள்ள எந்த மேட்டிலும் ஒரு மரம்கூட வேர் பிடித்ததில்லை, அதற்கும் காரணம் தெரியவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

உள்ளே போனார்கள். மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு நடைபாதை. காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் கருப்பாகவும் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“எனக்குத் தெரியுதுங்க. வெளிச்சம், அப்புறம் இருட்டு. மறுபடி வெளிச்சம், மறுபடி இருட்டு. அதுதானே மேடு?”

“அதுதான்.”

“எவ்வளவு இருக்கு. வந்துகிட்டே இருக்கே.”

பாதை ஓரமாக இருந்த ஒரு மேட்டில் அவள் இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தாள். புல்லை அமுக்கிப் பார்த்தாள். சரிவைக் கீழிருந்து மேலாக, கை எட்டும் மட்டும் தடவினாள், துணியின் போக்கைப் பார்க்கிற மாதிரி. பிறகு அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். நிழலண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவரும் அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தார். பின்சீட்டில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறார், ஒருத்தர்கூட இதைச் சரியாகச் சொல்லவில்லை. தூங்கும் பிள்ளைகளைப் போர்வை போர்த்திப் படுக்கவைத்தது போல இருந்தது அந்த வெளி. யாரோ வந்து எழுப்பப்போகிறார்கள் என்று தோன்றியது. வாராவாரம் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். இவள் கண் நன்றாக இருந்தபோது இதே வேலியை ஒட்டித்தானே வண்டி நின்றது. 

“சரி, நம்ம மரத்துக்குப் போலாம்” என்றாள் அவள்.

நடந்தார்கள். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவர் தயங்கினார். “உங்களுக்கே வழி தெரியலையா?” என்று கேட்டாள். “பாதையை மாத்தி போட்டிருக்காங்க” என்றார். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். அவள் அடிக்கடி நின்று காதைச் சாய்த்தாள்.

“என்ன?”

“இந்தக் காத்துக்கு இலை சத்தம் கேக்கணுமே. இன்னும் கேக்கலையே.”

அவர் அவளை மறுபடி நடத்தினார். “மரம் விழுந்துடுச்சு.”

அவள் நின்றுவிட்டாள். “எப்ப?”

“போன புயல்ல.”

“நீங்க சொல்லவே இல்லையே.”

“சொல்ல மனசு வரல.”

வீட்டு மனுஷர் ஒருவரின் சாவைக் கேட்டது போல அவள் முகம் வாடிவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கூடு இருந்துச்சே” என்றாள். பிறகு, “போகட்டும். கல்லாவது இருக்கும்ல. அதுல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வரலாம்” என்றாள்.

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். வேறு வழி தெரியாமல் பக்கத்தில் இருந்த மேட்டில் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றப் பார்த்தார். கல் மண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்லிப் புல்லில் உட்காரவைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நாலு எட்டு வைப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. காப்பகத்தின் காவல்காரப் பெண் பாதையில் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

“ஐயா, இறங்குங்க. மேட்டு மேல ஏறக் கூடாது. யாரையும் என்னைக்குமே ஏற விட்டதில்ல.”

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் மனைவி முந்திக்கொண்டாள். “இவரை விடுவாங்கம்மா. டூரிஸ்ட் பஸ் டிரைவரா இருந்தவரு. வாராவாரம் இங்க மேட்டு மேல மரத்தடியில உக்காந்துதான் சாப்பிடுவாரு. அந்த மரம் புயல்ல விழுந்துடுச்சாமே.”

காவல்காரப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவரைக் கண்ணாடியைத் தட்டி எழுப்பி வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னவளே அவள்தான். பிறகு மனைவியின் கண்ணைப் பார்த்தாள். எங்கேயும் நிலைக்காமல் நின்ற கண். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஓ, அவரா. அவருக்கு இல்லாததா அம்மா? ஆனா இப்ப கெடுபிடி ஜாஸ்தியாயிடுச்சு. இதோ கீழயே பெஞ்சு இருக்கு, அங்க உக்காந்து சாப்பிடுங்க.”

“நீ அந்த மரத்தைப் பாத்திருக்கியா?”

“பாக்காம இருப்பேனா” என்றாள் காவல்காரப் பெண். “நல்ல மரம்.”

சொல்லிவிட்டு அவரைப் பாராமல் போய்விட்டாள். காப்பாற்றிவிட்டாள். முன்பின் பேசிப் பழகாத ஒருத்தி, அவருக்காக இல்லை, அந்தக் கண்ணுக்காக. அவர் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றிருந்தால் அன்றைய பொழுது நல்லபடியாகவே கழிந்திருக்கும். ஆனால் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, “பாத்தீங்களா, அவளுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு” என்று சந்தோஷமாகச் சொன்னபோது அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் தாங்கியவருக்கு அன்றைக்கென்று நல்லவனாக ஆசை வந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கிவைத்தால் போதும் என்று இருந்தது. யார் மடியில் இறக்குகிறோம் என்று யோசிக்கவில்லை.

“மரமே இல்ல” என்றார்.

“அதான் விழுந்துடுச்சே.”

“விழல. இருந்ததே இல்ல. கல்லும் இல்ல, கூடும் இல்ல. நான் இந்த வாசலுக்குள்ள இன்னிக்குத்தான் வர்றேன். வண்டியில தூங்கிட்டு இருப்பேன். நிழலண்ணன்னு பேரு வந்ததே அதனாலதான். உன்கிட்ட சொன்னதெல்லாம் நானா கட்டினது.”

 காற்று மேடுகளின் மேல் புல்லைப் படுக்கவைத்துவிட்டுப் போயிற்று. அவள் திட்டுவாள், அழுவாள், கையைத் தட்டிவிடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தார். அவள் அந்த வெளிச்சமும் இருட்டுமான பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“கண்ணு இருந்தப்ப சொல்லியிருந்தா நானே பஸ் ஏறி வந்து இதைப் பாத்திருப்பேன்.”

“ஆமா.”

“கண்ணு போனப்புறம் சொல்லாமலே இருந்திருந்தா எனக்கு அந்த மரமாவது இருந்திருக்கும். படுத்தா அதைத்தான் பாத்துட்டு இருப்பேன். நல்லாத் தெரியும், ஒவ்வொரு கிளையும். டாக்டர் என்ன சொன்னா என்ன, அது எங்க போயிடப்போகுதுன்னு இருந்தேன்.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “ரெண்டும் இல்லாம, இன்னிக்கு வந்து சொல்றீங்களே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சிடு என்று சொன்னார். அந்த வார்த்தை அவருக்கே ஒட்டவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் பொய்யை எடுத்துக்கொள்வதைவிட இப்போது சொன்ன உண்மையை எடுத்துக்கொள்வார் போல இருந்தது. அதற்கும் வழியில்லை.

பசி நேரம் ஆகிவிட்டது. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பாடு எடுத்துவைத்துப் பழகிய கை அவளுக்கு. பையிலிருந்து மூட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்து பெஞ்சின் மேல் துணியை விரித்தாள். காற்று நன்றாகவே வீசியது. பக்கத்து பெஞ்சில் யாரோ வைத்த காகிதத் தட்டு எழும்பிப் பறந்து பாதையில் உருண்டது. இந்தத் துணி மட்டும் அசையவில்லை. நாலு மூலையும் பலகையோடு பலகையாகக் கிடந்தன.

அவள் விரல் ஒரு மூலையைத் தடவிக்கொண்டிருந்தது. மடித்துத் தைத்த துணிக்குள் பெரிய பெரிய பொத்தான்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பழைய கோட்டுகளிலிருந்து கழற்றிய கனமான பொத்தான்கள்.

“அப்ப வாராவாரம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?”

“சீட்டுலதான்.”

“கண்ணாடி ஏத்திட்டா?”

“ஏத்திட்டுத்தான். தூசு வரும்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு ரொட்டியை எடுத்து, அவர் கை இருக்கும் இடத்தைத் தேடி, அதில் வைத்தாள்.

“மேட்டு மேல காத்து ஆளைத் தூக்கும்னு சொன்னீங்களே. சோறு குடுத்தா பறக்கும், சூப்பு ஆறிடும்னு ரொட்டியாவே குடுத்தேன். உங்களுக்கு அது தொண்டையில எறங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்.” ஓரத்தில் சுருங்கியிருந்த துணியை நீவிவிட்டாள். “வண்டிக்குள்ளதான் சாப்பிடறேன்னு சொல்லியிருந்தா சூடாவே குடுத்திருப்பேனே.”

நிழலண்ணன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் டொக்கென்று இடித்த சத்தம் ஒவ்வொன்றும் அவருக்கு இப்போது கேட்டது. அவர் சனியன் பிடித்த துணி என்று சலித்துக்கொண்ட ஒவ்வொரு வாரமும், அவள் மனசுக்குள் அவர் ஒரு மேட்டு உச்சியில் காற்றில் உட்கார்ந்து, பறக்காத துணியில், நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வாய் கடித்தார். உள்ளே போகவில்லை.

“தண்ணி பையில இருக்கு” என்றாள் அவள்.